அச்செய்தியை யார் சொல்வது?



ஒருவரது வேலை பறிபோகும்போது ஊதியம் மட்டும் நின்றுபோவதில்லை. பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கு என்ன வழி என்ற கவலை குடும்பம் முழுவதையும் சூழ்ந்துகொள்கின்றது. ஆகவே அச்செய்தியை அறிவிக்கும் விதமும் ஓர் அறநெறிக் கேள்வியே.

2022 மார்ச் 17ஆம் திகதி, பிரித்தானியாவின் பி அன்ட் ஓ ஃபெரிஸ் கப்பல் நிறுவனம் 786 கடற்பணியாளரை நீக்கியது. முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்ட சில நிமிடக் காணொளியே அவர்களுக்குக் கிடைத்த அறிவித்தல். கேள்வி கேட்க எதிரே எவருமில்லை. தொழிற்சங்கங்களைக் கலந்தாலோசிக்காதது சட்டமீறலே என்பதைப் பிரதம நிறைவேற்று அதிகாரியே பின்னர் பாராளுமன்றக் குழு முன்னிலையில் ஒப்புக்கொண்டார்.

இதற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் முன்னர், 2020 மே மாதத்தில், பெருந்தொற்றினால் வருமானம் சரிந்த ஏயார்பிஎன்பி நிறுவனம் சுமார் 1,900 பேரைக் குறைத்தது. அதன் தலைவர் பிரையன் செஸ்கி தம் பெயரிலேயே நீண்ட மடல் வரைந்து, காரணத்தையும் ஆட்களைத் தெரிவுசெய்த முறையையும் விளக்கினார். சட்டம் இடமளித்த நாடுகளில் ஒவ்வொருவருடனும் தனித்தனியே பேச ஏற்பாடு செய்தார். அமெரிக்க ஊழியருக்குக் குறைந்தது 14 வார ஊதியமும் ஓராண்டு மருத்துவக் காப்புறுதியும் வழங்கப்பட்டன.

இழப்பு இரு இடத்திலும் இழப்புத்தான். ஆயினும் ஓரிடத்தில் ஊழியர் மனிதராக மதிக்கப்பட்டனர். உழைப்பு மனிதனுக்காகவே என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 1981இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

உங்களில் சிலர் கடையிலோ அலுவலகத்திலோ பிறரை வேலைக்கு அமர்த்தியிருக்கலாம். ஒருவரை அனுப்பவேண்டிய நாள் வந்தால், நேரில் அழைத்து, அமரச்செய்து, உண்மையைக் கூறுங்கள். சேரவேண்டியதைக் குறைவின்றிக் கொடுங்கள். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும்வரை எழுந்து செல்லாதீர்கள்.