உங்களுக்குத் தெரியுமா? உட்கார்ந்தால் வருமா இடுப்பு வலி?

மந்தாரக்குப்பம் கடைவீதியில் கல்லாவில் உட்காருபவர், விருத்தாசலம் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், நெய்வேலி சுரங்கத்தில் டம்பர் ஓட்டுபவர் என்று யாரைக் கேட்டாலும் "இடுப்பு பிடிச்சிக்கிச்சு" என்பார்கள். ஏன், என்ன செய்யலாம்?

● 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. 2050-இல் இது 84.3 கோடி ஆகும் என்பது கணிப்பு. மனிதரை முடக்கிப்போடும் காரணங்களில் முதலிடம் இதற்கே.

● பத்தில் ஒன்பது பேருக்கு 'இதனால்தான் வலி' என்று குறிப்பிட்ட ஓர் எலும்பையோ, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வையோ கைகாட்ட முடியாது.

● வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. நாம் அசைய அசையத்தான் நீரும் சத்தும் அதற்குள் ஊறும். ஆடாமல் அசையாமல் மணிக்கணக்கில் உட்காருவதுதான் கெடுதல். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்தால் போதும்.

● விறைப்பாக நிமிர்ந்தே இருக்க வேண்டியதில்லை. 1999-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், ஒருவரின் ஜவ்வுக்குள் கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். முதுகைச் சாய்த்துத் தளர்வாக உட்கார்ந்தபோது, நிற்கும்போது இருந்ததைவிட அழுத்தம் குறைவாகவே இருந்தது.

● உட்கார்ந்த உடம்பை மிகவும் குலுக்குவது நொடிக்கு 4 முதல் 8 முறை வரை ஏறி இறங்கும் அதிர்வு. டம்பர், டிராக்டர் போன்ற கனரக வண்டிகளின் குலுக்கல் இந்தக் கணக்கிலும் விழலாம். அதனால் ஷிஃப்ட் ஏறியதும் முதல் வேலையாக சீட்டின் ஸ்பிரிங்கை உங்கள் எடைக்குத் திருகி வையுங்கள். இறங்கும்போது கடைசிப் படியிலிருந்து குதிக்காதீர்கள். கைப்பிடியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி இறங்குங்கள். இறங்கிய கையோடு கனமான எதையும் தூக்க வேண்டாம்.

● பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்து உட்கார்ந்தால் பிட்டத்து நரம்பு நசுங்கி, வலி காலுக்கு இறங்கலாம்.

● ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஜவ்வு தேய்மானம்' என்று இருந்தால் பதறாதீர்கள். 2015-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, வலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் அது இருந்தது.

● நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் இரண்டையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். உடற்பயிற்சியையே அது பரிந்துரைக்கிறது. 'படுத்தே கிட' என்ற பழைய வைத்தியமும் மலையேறிவிட்டது.

● செலவில்லாத மருந்து நடைதான். வலி தீர்ந்தவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி நடப்பதை இலக்காக வைத்துப் பழகியவர்களுக்கு வலி திரும்பிவர 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது.

● சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை, தொடைகளின் நடுவே மரத்துப்போகிறது, கால் வலுவிழக்கிறது என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியோடு காய்ச்சலோ, காரணமில்லாமல் எடை குறைவதோ இருந்தாலும் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடக் கூடாது.