மூட்டையில் அளக்கும் ஷுக்ர்

பெப்ரவரி, மார்ச் பிறந்தால் அம்பாறை மாவட்டத்துப் பொத்துவில் வட்டைகளில் பெரும்போக வேளாண்மை வெட்டு மும்முரம். மெஷின் ஒரு பக்கம் இரைய, வரம்போரத்தில் மூட்டைகள் அடுக்கேறும். விளைச்சல் எப்படி என்று கேட்டால், முதலில் வரும் பதில் "அல்ஹம்துலில்லாஹ்". கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஷுக்ர் எனும் அந்த நன்றியையே கணக்கில் எழுதச் சொல்கிறது மார்க்கம். விளைச்சலின் உரிமையை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடுமாறு அல்குர்ஆனின் ஆறாவது அத்தியாயம் பணிக்கிறது. தானியம் ஐந்து வஸக், அதாவது 650 கிலோவுக்குச் சற்று மேல், எட்டினால் ஸகாத் கடமை. வானம் பார்த்து விளைந்ததென்றால் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சியதென்றால் இருபதில் ஒன்று. மழையை இறைவன் சும்மா தந்தான், ஆகவே ஏழைக்குப் பங்கு கூட. தண்ணீருக்கு நீ பாடுபட்டாய், ஆகவே பாதி போதும். எவ்வளவு நியாயமான கணக்கு! மானாவாரிக் காணிகள் நிறைந்த பொத்துவிலில் அந்தப் பத்தில் ஒன்று நன்றாகவே உறைக்கும்.

அம்பாறைக் கரையின் நன்றி வயலோடு நிற்பதில்லை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் பெயரில் ஆண்டுதோறும் கொடியேறும். பன்னிரண்டு நாள் கழித்துக் கந்தூரிச் சோறு. நேர்ச்சை வைத்தவர்கள் அதை நிறைவேற்ற வருவார்கள். இது கூடுமா, கூடாதா என்ற வாதம் ஊருக்கு ஊர் உண்டு. வாதிடுவோர் இரு தரப்பாருக்கும் ஸகாத்தில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.

கடல் கொடுத்தது மட்டுமல்ல, எடுத்ததும் இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறைதான், பத்தாயிரத்துக்கும் மேல். எந்த நிலையிலும் இறைவனைப் புகழ வேண்டும் என்பது எல்லாரும் கேட்ட பயான்தான். மையித்துகளுக்கு நடுவில் நின்று அதைச் சொல்வது வேறு. அப்படியும் சொன்னார்கள், மறு போகத்துக்கு விதைக்கவும் செய்தார்கள்.

ஸகாத்துக்கு இப்போது வந்திருக்கும் சிக்கல் வேறு. களவெட்டியில் சூடடித்த காலத்தில் குவியலைப் பார்த்துத்தான் பங்கு பிரித்தார்கள். கேட்டு வந்தவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. இன்று ஈரநெல் வயலிலிருந்தே வியாபாரியின் லொறிக்குப் போகிறது. கையில் வரும் காசு உரக்கடனுக்கும் மெஷின் கூலிக்கும் கரைந்த பிறகு, ஏழையின் பங்கை எங்கே தேடுவது? போடியார்மாரே, லொறி ஏற்றுமுன் அந்தப் பத்தில் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.