ஒரே மரபணு, எத்தனை விதமான பிழைகள்!

அரிவாள் செல் ரத்தசோகை, பீட்டா தலசீமியா இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணுவில் நேரும் பிழைகள்தான். 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணு, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை உருவாக்குகிறது. சடுதிமாற்ற வகைகளைப் பிரித்தறியப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். செல் அவற்றை மூன்று மூன்றாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோக்கிறது. தொடக்கக் குறியை விட்டுவிட்டு எண்ணினால், இந்த மரபணுவில் ஆறாவதாக வருவது ‘ஜிஏஜி’. அதற்குரியது குளுட்டாமிக் அமிலம். நடுவிலுள்ள ஏ டி-யாக மாறி ‘ஜிடிஜி’ ஆகிவிட்டால் வாலின் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழை இழையாகிறது. சிவப்பணு அரிவாளாக வளைகிறது. அமினோ அமிலத்தை மாற்றிவிடும் இத்தகைய பிழை ‘மிஸ்சென்ஸ்’. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் இருப்பது 1952-இலேயே தெரியவந்தது. அமினோ அமிலம் மாறியிருப்பதை வெர்னான் இங்ரம் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு, 1957-இல்.

எழுத்து மாறினாலே நோய் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் இடத்தில் சிலருக்கு ‘சிஏசி’, சிலருக்கு ‘சிஏடி’. இரண்டுமே ஹிஸ்டிடினைத்தான் தருகின்றன. ஒரு பாதகமும் இல்லை. ஆனால் 15-ஆம் இடத்தின் ‘டிஜிஜி’, ‘டிஏஜி’ ஆனால் கதையே வேறு. டிஏஜி என்றால் ‘நிறுத்து’. 146 அமினோ அமிலங்கள் சேர வேண்டிய சங்கிலி 14-உடன் அறுந்துபோகும். இது ‘நான்சென்ஸ்’ வகை, விளைவு தலசீமியா.

இதுவரை எழுத்து மாறியதே தவிர எண்ணிக்கை மாறவில்லை. எண்ணிக்கை மாறினால், கூடியதோ குறைந்ததோ மூன்றால் வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால் சில அமினோ அமிலங்கள் கூடும், குறையும். பெரும்பாலும் அதோடு சரி. வகுபடாவிட்டால் அங்கிருந்து எல்லாமே தடம் புரளும். இந்தியாவில் பரவலாகக் காணப்படும் ஒரு பிழையில் எட்டாவது ‘ஏஏஜி’-க்குப் பின் ஒரு ஜி கூடுதலாக நுழைந்துவிடுகிறது. அடுத்து வரும் ‘டிசிடி ஜிசிசி ஜிடிடி’, ‘ஜிடிசி டிஜிசி சிஜிடி’ என்று பிரிந்து, 22-ஆம் இடத்தில் ‘டிஜிஏ’ என்ற நிறுத்தக் குறியில் போய் முட்டுகிறது. இதுதான் ‘ஃபிரேம்ஷிஃப்ட்’.

வகையின் பெயரை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். 26-ஆம் இடத்தில் ‘ஜிஏஜி’, ‘ஏஏஜி’ ஆவதால் வருவது ஹீமோகுளோபின்-இ. பார்வைக்கு வெறும் மிஸ்சென்ஸ். ஆனால் அதே மாற்றம், ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலையையும் குழப்புவதால் புரத உற்பத்தியும் குறைகிறது. இந்திய தலசீமியா நோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் பிழையோ புரதத்துக்கான எழுத்துகளுக்குள்ளேயே இல்லை. இடையில் வெட்டி எறியப்படும் பகுதியின் ஐந்தாம் எழுத்தில், ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி இருக்கிறது.

தம்பதியர் இருவரும் தலசீமியாப் பிழையைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். சுமக்கிறோமா என்பதைப் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும். கருவைச் சோதிக்க வேண்டுமானால், இருவரிடமும் இருப்பது எந்தப் பிழை என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், கருத்தரிக்கும் முன்பே இருவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.