மடியில் குழந்தை: பொறுப்பு யாருடையது?

காரின் முன் இருக்கையில் தாய். மடியில் ஒரு வயதுக் குழந்தை. தம் பிடியை விடப் பாதுகாப்பு வேறில்லை என்று அவர் நம்புகிறார். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

குழந்தையின் நிறை 10 கிலோகிராம் எனக் கொள்வோம். காரின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 10 மீட்டர். குறுக்கே வந்த லாரியில் மோதிக் கார் 0.1 நொடியில் நின்றுவிடுகிறது. நிலைமத்தின் காரணமாகக் குழந்தையோ அதே வேகத்தில் முன்னே பாயும். அதே நேரத்தில் அதைப் பிடித்து நிறுத்த 1,000 நியூட்டன் விசை தேவை. இது ஏறத்தாழ 100 கிலோகிராம் மூட்டையின் எடைக்குச் சமம்! எந்தத் தாயின் கைக்கும் இது இயலாது.

நழுவிய குழந்தை கண்ணாடியில் மோதும் வேகம், 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது அடையும் வேகமேயாகும். மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைப்போமா?

"எல்லாம் லாரிக்காரர் தவறு" என்போம். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தவறு யாருடையது என்று நியூட்டனின் விதி கேட்பதில்லை. லாரி நம் வசத்தில் இல்லை. குழந்தையின் இருக்கை நம் வசத்தில் இருக்கிறது.

பின்னிருக்கையில் பொருத்தப்படும் குழந்தை இருக்கையின் வார்கள், விசையைத் தோளிலும் இடுப்பிலும் பகிர்ந்தளிக்கின்றன. கைக்குழந்தையைக் காரின் பின்புறம் நோக்கி அமர்த்தினால் தலையும் முதுகும் ஒருங்கே தாங்கப்படும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரை இப்பாதுகாப்பின்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

அடுத்த பயணத்துக்கு முன் இக்கணக்கை உங்கள் வீட்டாருக்கும் போட்டுக் காட்டுங்கள்.