சம்பளத்தில் ஏறாத மணிநேரம்

பினாங்குத் தீவிலுள்ள பாலிக் புலாவ் என்ற ஊர்ப்பெயருக்குத் தீவின் பின்புறம் என்று பொருள். ஜாதிக்காய், கிராம்பு, டுரியான் தோட்டங்களும் நெல்வயலும் கொண்ட இந்தப் பக்கத்திலிருந்து புக்கிட் கெந்திங் மேட்டைக் கடந்து தெலுக் கும்பார் வழியே போனால் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வந்துவிடும். டுரியான் காலத்து நெரிசலைத் தவிர்த்தால் அதிக நேரம் பிடிக்காத பயணம். இங்கே வசிக்கும் ஒரு விமானிக்குப் பணித்தளம் பினாங்காக இருந்தால் அவர் வேலைக்குப் போகும் தூரம் அவ்வளவுதான். அதே விமானியின் பணித்தளம் கோலாலம்பூர்ப் பக்கத்துச் சுபாங்காகவோ கேஎல்ஐஏவாகவோ இருந்தால், முதல் விமானத்தை எடுப்பதற்கு முன்பே அவர் பாலத்தைத் தாண்டிச் சுமார் 350 கிலோமீட்டர் போயாக வேண்டும். உரிமமும் பதவியும் சம்பளமும் இரண்டிலும் ஒன்றுதான். மாறுவது வீட்டிலிருந்து விமானம் வரை கழியும் நேரம் மட்டும். பொதுவாக அந்த நேரம் பணிநேரக் கணக்கிலும் வராது, சம்பளச் சீட்டிலும் வராது. சிறிய வழித்தடங்களில் பறக்கும் விமானிகள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்கும்போதெல்லாம் அதைப் பணத்துக்கான பேரமாகவே நாம் படிக்கிறோம். இந்தக் கணக்கில் ஏறாத நேரம்தான் அந்தத் தயக்கத்தின் மையம் என்பது என் கருத்து.

பினாங்குக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. மலேசியா ஏர்லைன்சின் துணை நிறுவனமான ஃபயர்ஃப்ளை 2007 ஏப்ரலில் சேவையைத் தொடங்கியது இங்கிருந்துதான், ஃபோக்கர் 50 விமானங்களோடு. பிறகு சுபாங் அதன் முக்கியத் தளமாயிற்று. எழுபது பேர் அளவில் அமரக்கூடிய ஏடிஆர் 72 ரக விமானங்கள் வந்தன. விசிறி விமானத்தில் தொடங்கும் ஓர் இளம் துணை விமானியின் கண் இயல்பாகவே ஜெட் மீது இருக்கும்; சம்பளமும் அனுபவமும் வெளிநாட்டு வாய்ப்பும் அங்கேதான். ஃபயர்ஃப்ளையில் அந்தக் கதவு 2011 ஜனவரியில் போயிங் 737 வடிவில் திறந்தது. அந்த ஆகஸ்டில் மலேசியா ஏர்லைன்சும் ஏர்ஏஷியாவும் பங்குகளை மாற்றிக்கொண்டன. அதையடுத்து ஆண்டு முடிவதற்குள் அந்தச் சேவை நின்றது. பத்தாண்டு கழித்து, 2022 ஏப்ரலில், பினாங்கைத் தளமாகக் கொண்டு ஜெட் மீண்டும் வந்தது. 2024 ஆகஸ்டில் சுபாங்கில் ஜெட் விமானங்கள் திரும்ப அனுமதிக்கப்பட்டதும் அங்கிருந்தும் பறந்தது. 2025 ஏப்ரலில் அவை கேஎல்ஐஏவுக்கு நகர்ந்தன. இவை ஒவ்வொன்றுக்கும் வணிகக் காரணம் இருந்திருக்கும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் பள்ளியையும் ஓர் ஊரில் நட்டுவிட்ட மனிதருக்கு, நிறுவனத்தின் வரைபடத்தில் ஒரு கோடு நகர்வது பத்தாண்டுத் திட்டம் நகர்வதற்குச் சமம்.

சிறிய விமானத்தின் வேலை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பினாங்கிலிருந்து சென்னைக்கு ஜெட் ஓட்டுபவர் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குகிறார்; இடையில் சில மணிநேரம் பறப்பு. பினாங்கு–சுபாங் போன்ற ஒரு மணிநேர வழித்தடத்தில் ஏடிஆர் ஓட்டுபவர் ஒரே நாளில் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்கக்கூடும். விமானியின் முழுக் கவனத்தையும் உறிஞ்சும் தருணங்கள் ஏற்றமும் இறக்கமும்தான். மலேசிய மாலைகளின் இடிமழையும் அதில் சேர்ந்துகொள்ளும். இரண்டு விமானங்களுக்கு நடுவே தரையில் காத்திருக்கும் நேரமும் உண்டு. பறந்த மணிக்கு இவ்வளவு என்று பணம் கணக்கிடும் ஒப்பந்தத்தில் அதிகம் இறங்குபவருக்குக் குறைவாகச் சேர்கிறது. காத்திருப்பு காற்றில் போகிறது. இதற்கு மேல் முந்திய இரவுப் பயணத்தையும் வைத்துப் பாருங்கள். ஊழியர் சலுகைச் சீட்டு என்பது பெரும்பாலும் இடம் இருந்தால் ஏறலாம் என்ற சீட்டு. கடைசி விமானம் நிறைந்துவிட்டால் நெடுஞ்சாலைதான் வழி.

இந்தக் களைப்பு கற்பனை இல்லை என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 அன்று நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் 3407 விமானம் இறங்கும் நேரத்தில் விழுந்தது; விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் மாண்டார்கள். அதுவும் ஏடிஆர் போன்ற இரட்டை விசிறி விமானம், அதுவும் ஒரு குறுவழித்தடம். விமானம் வேகமிழந்தபோது எழுந்த எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக வினையாற்றியதே விபத்தின் காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. ஆனால் விசாரணை அங்கே நிற்கவில்லை. துணை விமானி முந்திய இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் தொற்றி, மெம்ஃபிஸில் மாறி, கண்டத்தையே குறுக்காகக் கடந்து பணிக்கு வந்திருந்தார். ஃபுளோரிடாவில் வீடு வைத்திருந்த கேப்டன் ஊழியர் ஓய்வறையில் இரவைக் கழித்திருந்தார். நியூவர்க்கைத் தளமாகக் கொண்ட அந்த நிறுவன விமானிகள் 137 பேரில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்துபோனவர்கள். களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும் என்ற வாரியம், எந்த அளவுக்கு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் எழுதியது. அந்த நேர்மையான தயக்கத்தை நானும் மதிக்கிறேன். இருந்தாலும் அந்தத் துணை விமானியின் சொற்ப ஆண்டுச் சம்பளம் அப்போது ஒரு நாட்டையே வெட்கப்பட வைத்தது. நியூவர்க் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கும் வசதி அந்தச் சம்பளத்தில் இருக்கவில்லை.

தூரத்தில் வீடு வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம், அதற்கு நிறுவனம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். தளத்தை விமானியே தேர்ந்திருந்தால் இந்தக் கேள்விக்கு வலு உண்டு. பணியில் சேர்ந்த பிறகு தளம் நகர்த்தப்பட்டவரிடம் இதே கேள்வியைக் கேட்பது அநியாயம். இந்த இரண்டையும் ஒப்பந்தம் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் தீர்வின் செலவு அத்தனை பெரிதில்லை. நிறுவனத்தின் சொந்த விமானத்தில் உறுதியான ஓர் இருக்கை, விடியற்காலைப் பணிக்கு முந்திய இரவு ஓர் அறை, வெளியூர்க்காரருக்கு முதல் நாள் தாமதமாகத் தொடங்கிக் கடைசி நாள் சீக்கிரம் முடியும் ரோஸ்டர். இரண்டு விமானங்களில் ஏற முயன்றும் இடம் கிடைக்காத விமானியைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி அமெரிக்க ஒப்பந்தங்கள் பலவற்றில் இருக்கிறது. தூக்கமில்லாமல் காரோட்டி வந்து விமானத்தில் ஏறும் மனிதரைவிட வீட்டிலிருந்தே தொலைபேசியில் முடியாது என்று சொல்லும் மனிதர் பயணிக்கு நல்லவர்.

விமானிகள் ஏற்கெனவே நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், பயணிகளைப் பணயமாக வைக்கிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. இந்தியாவில் விஸ்தாராவுக்கு நேர்ந்ததை இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். ஏர் இந்தியாவுடன் இணைவதற்கு முன், 2024 தொடக்கத்தில், மாதம் 70 மணிநேரத்துக்கு உறுதியாக இருந்த ஊதியத்தை 40 மணிநேரமாக்கும் ஒப்பந்தம் விஸ்தாரா விமானிகள் முன் வைக்கப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் பலர் உடல்நலமில்லை என்று விடுப்பெடுக்க, நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களை நிறுவனம் குறைத்துக்கொண்டது. விமான நிலையத்தில் குழந்தையோடு தவித்த பயணியின் பக்கம் நின்று பார்த்தால் கோபம் நியாயம்தான். நோய் என்று எழுதிக் கொடுத்துக் கூட்டமாக ஒதுங்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் விடுப்புகள் கூடியதும் சேவை இப்படிக் குலைந்தது ஏன்? ரோஸ்டரில் இடைவெளியே இல்லாமல் விமானிகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தார்கள். நிர்வாகமே பிறகு அதை ஒப்புக்கொண்டது. 2025 டிசம்பரில் இண்டிகோவுக்கும் அதே கதிதான். வார ஓய்வை 36 மணிநேரத்திலிருந்து 48 ஆக்கி, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது ஆள் கணக்கு இடித்தது. ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பினாங்குத் தமிழர்கள் சென்னைக்கு நேரே பறக்கும் நிறுவனமும் அதுதான். அங்கே பணயம் வைத்தவர் என்று எந்த விமானியையும் சுட்ட முடியாது. ஓய்வை நீட்டும் விதி வருமென்று முன்பே தெரிந்தும் அதற்கேற்ப ஆட்களைச் சேர்க்காததன் விலை அது.

சிறிய நிறுவனத்துக்கு லாபம் மெல்லியது, கட்டணம் ஏறிவிடும் என்ற அச்சம் இவற்றைவிடக் கனமானது. ஏடிஆர் ஒன்றின் எழுபது இருக்கைகளில் சில காலியானாலே கணக்கு தடுமாறும் என்பது உண்மை. இதற்கான பதிலும் அமெரிக்கச் சிற்றூர்களில்தான் இருக்கிறது. விமானிகளை மலிவாக வைத்திருந்த ஆண்டுகளின் முடிவில், 2022 மார்ச்சில், விமானிகள் போதவில்லை என்று சொல்லி ஸ்கைவெஸ்ட் நிறுவனம் 29 ஊர்களின் சேவையிலிருந்து விலக அறிவிப்பு கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்சின் துணை நிறுவனங்கள் சம்பளத்தை ஒரேயடியாக உயர்த்தின. பல ஆண்டுகள் முடியாது என்று சொல்லப்பட்டது சில வாரங்களில் முடிந்தது, விமானங்கள் தரையில் நின்ற பிறகு. பறக்கும் தொழிலில் ஆள் வெளியேறினால் என்னாகும் என்பதை மலேசியாவும் கண்டது: 2024இல் மலேசியா ஏர்லைன்ஸ் சேவைகளைக் குறைத்தபோது, எட்டு மாதங்களில் அதன் பராமரிப்புப் பிரிவிலிருந்து 63 திறனாளர்கள் விலகியிருந்தார்கள் என்பது வெளியே வந்தது.

பாண்ட் எனப்படும் பயிற்சிப் பிணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு விமான ரகத்துக்குப் பயிற்சி கொடுக்க நிறுவனம் செலவழிக்கிறது. பயிற்சி முடிந்ததும் ஓடிவிடாமலிருக்க விமானியைச் சில ஆண்டுகள் கட்டிப்போடுகிறது. 2023இல் 43 விமானிகள் அறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகியதும் இந்தியாவின் ஆகாசா ஏர் நீதிமன்றம் வரை போனது. அந்த நிறுவனத்தின் சங்கடம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் கயிறு இரண்டு முனையிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். 2015இல் மலேசியா ஏர்லைன்ஸ் தனிச்சட்டத்தின் கீழ் புதிய நிறுவனமாக மாற்றப்பட்டபோது சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேர் வேலையிழந்தார்கள். மற்றவர்கள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2025 பிப்ரவரியில், அதே குழுமத்தின் விசிறி விமான நிறுவனமான மாஸ்விங்ஸை சரவாக் அரசு வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரே குழுமத்தில் விசிறியிலிருந்து ஜெட்டுக்கு ஏறும் வரிசையில் நின்ற ஒருவருக்கு, முதலாளி மாறிய பின் அந்த இடம் எங்கே என்ற கேள்வி இப்படித்தான் எழுகிறது. தளத்தையோ உறுதி ஊதியத்தையோ மூப்பு வரிசையையோ நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றினால், அந்த நாளிலிருந்தே பாண்டுத் தொகை தளர வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இருந்தாலே மற்றதெல்லாம் நிதானமாகப் பேசப்படும் என்று நம்புகிறேன்.

பாயான் லெப்பாஸ் நிலையம் இப்போது விரிவாக்கப்படுகிறது. ஆண்டுக்கு 65 லட்சமாக இருந்த பயணிகள் கொள்ளளவு 1 கோடியே 20 லட்சமாகும், 2028இல் முடிக்கத் திட்டம். கட்டடத்தின் அளவும் விமான நிறுத்திடங்களின் எண்ணிக்கையும் நிறையப் பேசப்படுகின்றன. அந்த விமானங்களை ஓட்டுபவர்களில் எத்தனை பேருக்குப் பினாங்கு பணித்தளமாக எழுதித் தரப்படும், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் நிறுவனங்களிடம் கேட்கும் உரிமை இந்தத் தீவுக்கு உண்டு. அதைக் கேட்க ஏற்ற நேரம், வழித்தடங்களுக்கான பேச்சுகள் முடிவதற்கு முன்னால்.