அடிக்கடி கழிப்பறைக்கு ஓடுகிறீர்களா? முதலில் அளந்து பாருங்கள்

மெர்கோங்கிலிருந்து பினாங்குக்குக் காரில் கிளம்புகிறீர்கள். புறப்படுவதற்கு முன்பே இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்விட்டீர்கள். ஆனாலும் குருண் ஓய்வுத்தளம் வருவதற்குள் மீண்டும் முட்டுகிறது. வண்டியை நிறுத்தும்படி மருமகனிடம் சொல்லக் கூச்சம். அடுத்த பயணத்தின்போது காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. நாளடைவில் கல்யாணம், கோயில் திருவிழா என்று எது வந்தாலும், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு முடியல" என்று வீட்டிலேயே தங்கிவிடுகிறீர்கள்.

இது உங்கள் கதையாக இருக்கலாம். உங்கள் அம்மாவின் கதையாகவும் இருக்கலாம். "வயசானா அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலோருக்கு நிவாரணமும் உண்டு.

பை நிரம்பும் முன்பே மணி அடித்தால்...

நம் சிறுநீர்ப்பை சுமார் 300 முதல் 500 மில்லி லிட்டர் வரை தாங்கும். பாதி நிரம்பும்போது மூளைக்கு முதல் செய்தி போகும். "இடம் கிடைக்கும்வரை பொறு" என்று மூளை சொல்ல, பையின் தசை தளர்ந்து காத்திருக்கும். சிலருக்கு இந்தக் கட்டுப்பாடு குலைந்து, பை நிரம்புவதற்கு முன்பே அதன் தசை சுருங்கத் தொடங்குகிறது. உடனே போயாக வேண்டும் என்ற அவசரம் திடீரென்று வருகிறது. சிலருக்குக் கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் கசிந்தும் விடுகிறது. இதைத்தான் மிகை இயக்கச் சிறுநீர்ப்பை என்கிறார்கள்.

பகலில் ஏழெட்டு முறை, இரவில் ஒரு முறை போவது இயல்பே. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இனிப்பு நீரா, பையின் கோளாறா?

அடிக்கடி போவதெல்லாம் பையின் கோளாறு ஆகாது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரகம் அதைத் தண்ணீரோடு சேர்த்து வெளியேற்றும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நாட்டில் நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதை அறியாமலேயே இருந்தனர். ஆகவே நம்மவர்கள் முதலில் செய்ய வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சமையலறையில் உள்ளது போன்ற ஓர் அளவுக் கோப்பையைத் தனியாக வாங்கிக் கழிப்பறையில் வையுங்கள். மூன்று நாளைக்கு, எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மில்லி வந்தது, என்ன குடித்தீர்கள், கசிந்ததா என்று நோட்டில் எழுதுங்கள்.

ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லி என்று கொஞ்சமாகவே வந்தால் பையின் பக்கம் சந்தேகப்படலாம். ஒவ்வொரு முறையும் நிறைய வந்து, ஒரு நாளில் மூன்று லிட்டரைத் தாண்டினால் நீரிழிவையோ வேறு காரணத்தையோ தேட வேண்டும். வயதானவர்களுக்கு நாள் முழுவதும் வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே வந்தால், கால் வீக்கம், இருதயக் கோளாறு, மருந்து நேரம் போன்றவற்றை மருத்துவர் பார்ப்பார். சில நீரிழிவு மாத்திரைகளும் இரத்த அழுத்த மாத்திரைகளும் சிறுநீரை அதிகமாக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

பீடோங், கூலிம் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போன அம்மாக்களுக்கு நிரையில் கழிப்பறை ஏது? குடிப்பதைக் குறைத்து, வந்ததை அடக்கிப் பழகினார்கள். இன்று தொழிற்சாலையில் நிற்கும் மகள்களும் அதையே செய்கிறார்கள். ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும். மலச்சிக்கலும் சேர்ந்து பையை அழுத்தும். மருத்துவர் வேறு அளவு சொல்லாவிட்டால் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டியது கோப்பி, தே தாரேக், குளிர்பானம் ஆகியவற்றைத்தான்.

பைக்கும் பயிற்சி உண்டு

அவசரம் அலைபோல் எழுந்து தணியும். அது உச்சத்தில் இருக்கும்போது ஓடினால் கசிவு ஏற்படும். அசையாமல் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். காற்று பிரிவதை அடக்குவதுபோல் கீழ்த்தசையை ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கித் தளர்த்துங்கள். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அலை தணிந்த பிறகு நடந்து போங்கள்.

இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு வாரமும் 15 நிமிடம் கூட்டுங்கள். மூன்று மணி நேர இடைவெளியை எட்டுவதே இலக்கு. "எதற்கும் ஒரு தடவை போய்விடலாம்" என்ற பழக்கத்தை விடுங்கள். கூடவே, 1948-இல் அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கீகல் எழுதிய இடுப்புத்தளப் பயிற்சியையும் செய்யுங்கள். கீழ்த்தசையை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்துங்கள். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை போதும். மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யவும் கூடாது. பலன் தெரிய ஆறு முதல் 12 வாரம் ஆகலாம்.

பயிற்சி போதாவிட்டால் தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் உள்ளன. சிலவற்றால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், முதியவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம். வேறு சில இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். அதற்கும் பலனில்லை என்றால் பையின் தசைக்குள் போடும் ஊசியும் உண்டு.

சிறுநீரில் இரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருந்தாலோ, ஆண்களுக்குச் சிறுநீர் மெலிந்து சொட்டினாலோ காத்திருக்க வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால் மரத்துப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். தேவைப்பட்டால் சுல்தானா பாஹியா போன்ற பெரிய மருத்துவமனைக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். மருத்துவர் முன் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தால், மூன்று நாள் எழுதிய அந்த நோட்டை மேசைமேல் வையுங்கள். பாதி விவரத்தை அதுவே சொல்லிவிடும்.