ஜே.ஆர்.எஃப். வேலை: ஆர்டர் கையில் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

'ஐ.ஐ.டி.யில வேலை கிடைச்சிருக்கு' என்று எம்.இ. முடித்த ஒருவர் வீட்டில் சொன்னால், அடுத்த கேள்வி 'பெர்மனென்ட்டா?' என்றுதான் வரும். பெரும்பாலும் இல்லை.

சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் போன்றவற்றில் அடிக்கடி வரும் ஜே.ஆர்.எஃப்., ப்ராஜெக்ட் அசோசியேட் அறிவிப்புகள் நிரந்தரப் பணிக்கானவை அல்ல. ஒரு பேராசிரியர் தன் ஆய்வுத் திட்டத்துக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, டி.ஆர்.டி.ஓ., இஸ்ரோ போன்ற அமைப்பிடமோ தனியார் நிறுவனத்திடமோ நிதி வாங்குகிறார். சம்பளம் அந்தப் பணத்திலிருந்துதான். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது.

எவ்வளவு கிடைக்கும்? மத்திய அரசு 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். தொகையை மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆகவும், எஸ்.ஆர்.எஃப். தொகையை 35,000-லிருந்து 42,000 ஆகவும் உயர்த்தியது. வீட்டு வாடகைப்படி தனி. பி.இ. முடித்தவர்களும் ஜே.ஆர்.எஃப்.புக்குத் தகுதியானவர்களே, ஆனால் கேட் போன்ற தேசியத் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள்வரை செல்லும். நெட், கேட் இரண்டும் இல்லாதவர்களுக்கு ப்ராஜெக்ட் அசோசியேட் வழி உண்டு, சம்பளம் குறைவு.

ஒரே 'ஜே.ஆர்.எஃப்.' என்ற பெயரில் இரண்டு விஷயங்கள் இருப்பதுதான் குழப்பம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி வாங்கும் ஜே.ஆர்.எஃப். உங்கள் பெயரில் வருவது. ப்ராஜெக்ட் ஜே.ஆர்.எஃப். திட்டத்தின் பெயரில் உள்ள இடம், நீங்கள் விலகினால் இன்னொருவர் அதில் உட்காருவார்.

பலர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். ப்ராஜெக்ட்டில் சேர்ந்துவிட்டாலே பிஎச்.டி. பதிவாகிவிடாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனி நேர்காணல். 'சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொன்னால், அந்த 'அப்புறம்' எந்த செமஸ்டர் என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. மூன்றாண்டுத் திட்டத்தில் இரண்டாம் ஆண்டு முடியும்போது சேர்பவருக்கு மிச்சம் ஒரே ஆண்டுதான். பிஎச்.டி.க்கோ நான்கைந்து ஆண்டுகள் ஆகும். நடுவில் உதவித்தொகை நின்றால் வாடகையை யார் கட்டுவது?

அறிவிப்பில் திட்டத்தின் தலைப்பு, நிதி தரும் அமைப்பு, காலம் எல்லாம் பொதுவாக இருக்கும். திட்டம் எப்போது தொடங்கியது என்பது சில அறிவிப்புகளில் இருக்காது. அதைப் பேராசிரியருக்கு ஒரு மெயில் அனுப்பிக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் டீ குடித்தபடி கேட்க வேண்டியவை வேறு: பணம் மாதாமாதம் வருகிறதா, அல்லது நாலு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகவா? ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடுகிறார்களா? ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வருபவர் என்றால், இ.எம்.ஐ. பாக்கி இருக்கும்போது முதல் கேள்வியைத் தவறவிடக் கூடாது.

விண்ணப்ப அவகாசம் சில சமயம் பத்துப் பதினைந்து நாள்தான். பெரும்பாலும் நேர்காணலுக்குப் பயணப்படியும் கிடையாது. கோவில்பட்டியிலிருந்து கிண்டிக்கு வருகிறவர், நேர்காணல் ஆன்லைனில் உண்டா என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடலாம்.